எண்ணெய் வட்டம்

கூடத்தையும் படுக்கையறையையும் பிரிக்கிற ஒற்றைப் பலகைத் தடுப்புக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தாள் பிலோமினா. கடையிலேயே பாலிஷ் போட்டு வந்த பலகை. அவள் புருஷன் சூசை கூடத்துத் தரையில் உட்கார்ந்து அதில்தான் சாய்ந்திருப்பார். ஒரு சண்டைக்குப் பிறகு, சாகும்வரை பல வருஷம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தலை பட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் கறுத்து வட்டமாக ஊறியிருந்தது. அதை இனி அவளால் பார்க்க முடியாது.

பெயிண்டர் காசிம் பூசப் பூச, தடுப்பெல்லாம் வெள்ளையானது. வட்டத்தில் மட்டும் பெயிண்ட் சுருங்கி விலகியது. மறுபடி பூசினார். மறுபடியும் விலகியது.

“உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம அடிச்சிட்டேன்க்கா, தப்பு என்மேலதான். எண்ணெய் உள்ள இறங்கியிருக்கு. அந்தப் பக்கத்த முடிச்சிட்டு வந்து தேய்ச்சிடறேன்.”

டப்பாவோடு படுக்கையறைக்குள் போனவர் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். “அக்கா, இங்க வந்து பாருங்களேன்.”

அந்தப் பக்கத்து வெள்ளையிலும் ஒரு வட்டம் விலகிக்கொண்டிருந்தது. அதே பலகை, அதே உயரம், நேர் பின்னால்.

“இங்க யாருக்கா சாஞ்சு உக்காருவாங்க?”

பிலோமினாவின் கை தானாகத் தன் பின்னந்தலைக்குப் போனது. அங்கே சாய்ந்து உட்கார்ந்த அத்தனை வருஷமும் அவள் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

“இந்தப் பலகை எவ்வளவு கனம் இருக்கும் தம்பி?”

“சுண்டுவிரல் கனம்கூட வராதுக்கா.”