தொட்டியைப் பார்க்க வந்தவர்

கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வாளர், இன்ஜினியர் ஃபௌஸ்தோ பதினோரு மணிக்கு வருகிறாராம். தகவல் வந்தபோதே மணி பத்து.

எல்வியா மொட்டைமாடிக்கு ஓடினாள். ஜீன்ஸ் துணியைச் சாயம் வெளுக்கத் துவைக்கும் பட்டறை அவளுடையது. துவைத்த தண்ணீர் முழுக்க மாடியில் சாய்த்து வைத்த கண்ணாடிக் குழாய்களில் ஏறி, ஏதோ ஒரு வெள்ளைப் பொடியோடு சேர்ந்து வெயிலில் சுற்றி வரும். சுற்றி முடிவதற்குள் வெயில் சாயத்தைத் தின்றுவிடும் என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்லி அமைத்துக் கொடுத்த ஏற்பாடு. சுற்றி முடிந்த தண்ணீர் கீழே தொட்டியில் இறங்கி, அங்கிருந்து ஓடைக்குப் போகும். எரிமலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது.

"கீழே தொட்டி எப்படி இருக்கு, செகுந்தோ?"

பட்டறையின் பழைய ஆள் செகுந்தோ எட்டிப் பார்த்தார். "நீங்களே வந்து பாருங்க, தோன்யா எல்வியா. இப்படியே காட்டினா தொலைஞ்சோம்."

வந்து பார்த்தாள். போன வருஷம் இதே ஆள் இதே தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் நாற்பது நாள் சீல் வைத்தார். துவைக்கிற பெண்கள் பன்னிரண்டு பேரும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இப்போதோ அம்பாத்தோ நகரத்துக் கடைக்காரரின் அறுநூறு பேன்ட் ஈரமாகக் கிடக்கிறது.

"ஓடைக்குப் போற வால்வை மூடுங்க. ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. அந்த வாளியைக் கொண்டாங்க."

"யாராவது பார்த்துட்டா?"

"மானம் போகும். சீக்கிரம் ஊத்துங்க."

அவர் ஊற்றினார். அவள் கழியால் கலக்கினாள்.

ஃபௌஸ்தோ வந்தார். முதலில் உருளைக்கிழங்கு அடையும் பொரித்த முட்டையும் சாப்பிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடி டம்ளரைத் தொட்டியில் முக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன தோன்யா எல்வியா, நீலமா இருக்கே?"

"வெயில் பத்தலை, இன்ஜினியரே." அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேலே அவ்வளவு குழாய் எதுக்கு, அழகுக்கா? நான் இதை எழுதினா பட்டறை என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

பண்ணினார். தனக்கு இடுப்பு முப்பத்தெட்டில் இரண்டு ஜீன்ஸ், மச்சானுக்கு ஒன்று. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை எல்வியா வாசலில் நின்று பார்த்தாள்.

"மோட்டாரைப் போட்டு எல்லாத்தையும் மறுபடி மேலே ஏத்துங்க. நாம ஊத்தின நீலம் சாயங்காலத்துக்குள்ள போயிடும்."

"நல்ல தண்ணியில ஒரு வாளி சாயம் வீண்," என்று முனகினார் செகுந்தோ.

"மூணு பேன்ட்டோட விட்டாரேன்னு சந்தோஷப்படுங்க."

போன வருஷம் தொட்டித் தண்ணீர் பளிங்குபோல இருந்ததால், வெறும் நல்ல தண்ணீரைக் கலந்து ஏமாற்றுகிறாள் என்று சொல்லித்தான் ஃபௌஸ்தோ சீல் வைத்தார்.