இறங்காத நட்சத்திரம்

பிப்ரவரி பிறந்தும் ரூனாவின் பழம்பொருள் கடை ஜன்னலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. ஸ்வீடனில் ஜனவரி பதிமூன்றுக்குள் எல்லோரும் அதைக் கழற்றிவிடுவார்கள்.

"ஊரே சிரிக்குது. நானே கழட்டிடறேன்" என்று ஏணியை எடுத்தார் கணவர் டோர்ஸ்டன்.

"கை வச்சீங்க, நடக்கிறதே வேற!"

கதவு மணி அடித்தது. எதிர்வீட்டு கெர்டா பனியை உதறிக்கொண்டு நுழைந்தாள்.

"ஏண்டி, உனக்கு வெக்கமா இல்ல? நானும் மூணு வாரமா பாக்குறேன். தெருவுக்கே அவமானம்!"

"மறந்தே போச்சுக்கா. நாளைக்குக் கழட்டிடறேன்."

திட்டிக்கொண்டே கடையைச் சுற்றிவந்த கெர்டா கிளம்பும்போது, அவள் பையில் புதிதாக வாங்கிய ஒரு பித்தளை விளக்குத் தண்டும் இரண்டு பூப்போட்ட கோப்பைகளும் இருந்தன.

"நிஜமாவே நாளைக்குக் கழட்டுவியா?" என்றார் டோர்ஸ்டன்.

"போன பிப்ரவரியில ஈ, காக்கா கூட வரல. கடையை மூடிடலாம்னு சொன்னதே நீங்கதான். இன்னிக்குத் திட்ட வந்தது மட்டும் ஒம்பது பேர். ஒருத்தராவது வெறுங்கையோட போனாங்களா?"

டோர்ஸ்டன் ஏணியை மடக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"அப்போ, ஈஸ்டருக்கு அலங்காரமா ஜன்னல்ல கட்டுற கலர் இறகு?"

"ஜூலை வரைக்கும் இருக்கட்டும்."