ஆதாரம் எங்கே, க்ளைவ்?

அரசாங்க அறிக்கை ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால், அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை என்றைக்காவது படித்ததுண்டா?

ஐரீன் ஹாலோரன் படிப்பாள். புதன்கிழமை மத்தியானம், குராபில் என்ற ஆஸ்திரேலியச் சிற்றூரின் மண்டபத்தில் அவள் சிவப்புப் பென்சிலோடு எழுந்ததுமே மேயர் க்ளைவ் டையைத் தளர்த்திக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்தவள் அவள். இப்போது ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

அந்த நூலகத்தை மூடத்தான் மேயர் அலுவலகம் ஓர் அறிக்கை போட்டிருந்தது. முப்பது பக்கம். போன மாசமே வீடு வீடாகத் தபால் பெட்டியில் போட்டுவிட்டார்கள். ‘இந்த ஊர் மக்கள் வாசிப்பதில்லை’ என்பது முதல் வரி.

“ஆதாரம் எங்கே, க்ளைவ்?”

“கீழே நம்பர் போட்டுக் குடுத்திருக்கே மிஸ்.”

“பாத்தேன். பத்திரிகைச் செய்தின்னு இருக்கு. அந்தப் பத்திரிகையையும் தேடி எடுத்தேன். அதுல ‘மேயர் சொன்னார்’னு இருக்கு. நீ எதை வச்சுச் சொன்ன?”

மேயர் அறிக்கையைப் புரட்டினார். “அது வந்து... அறிக்கையில இருந்துச்சு மிஸ்.”

மண்டபம் குலுங்கியது. “அவரே சொல்லி, அவரே கேட்டு, அவரே எழுதிக்கிட்டாரா!” என்று கத்தினார் கோதுமை விவசாயி நெவில். “ஃபெயில் போடுங்க மிஸ்!”

ஐரீனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“எழுதினவங்களே இதைப் படிச்சுப் பாக்கலே. உங்கள்ல யாராவது முழுசா படிச்சிருந்தா கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை.

“முதல் பக்கமாவது?”

“நான் அதை அடுப்பு மூட்ட வச்சிருக்கேன் மிஸ்!” என்றார் நெவில். மறுபடியும் சிரிப்பு.

“பாத்தியா க்ளைவ்? ஊர்ல ஒருத்தரும் படிக்காத காகிதத்தை வச்சு என் நூலகத்தை மூடப் பாக்குற!”

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மேயரின் குமாஸ்தா மட்டும் கைதட்டவில்லை. பேனா நுனியை நீட்டி, வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மேயர் இறங்கி வந்து அவள் கையைக் குலுக்கினார். “நீங்க சொன்னது ரொம்பச் சரி மிஸ். ஆதாரம் பத்தலே. சரி பண்ணிடறோம்.”

“இதை அன்னிக்கே கத்துக்கிட்டிருக்கலாம் நீ.”

மிச்சமிருந்த லாமிங்டன் கேக்கைத் தட்டோடு அவளிடமே கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் காலை நூலகக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு அறிவிப்பு: ‘இந்த ஊர் மக்கள் வாசிப்பதில்லை. ஆதாரம்: திருமதி ஐரீன் ஹாலோரன் பொதுக்கூட்டத்தில் எடுத்த கணக்கு. நூற்று நாற்பத்தொரு பேரில் வாசிப்பவர் ஒருவர்.’