சீசரின் வாய்

எமல்டாவின் பெட்டை நாய் ரோஸிக்கு இதுதான் கடைசி ஈற்று. போன ஈற்றில் பிறந்த குட்டிகளெல்லாம் தாயைப் போலவே தண்ணீரில் பாய்ந்தன. ஆனால் வேட்டையில் கவ்வி வந்த பறவைகளைக் குதறிவிட்டன. அதனால் எமல்டா இந்த முறை பல் பதியாமல் கவ்வும் ஆண் நாயைத் தேடி அலைந்தாள்.

தேவசகாயம் தன் நாய் சீசரோடு ஒரு பை நிறையப் பதக்கங்களையும் ஏரிக்கரைக்குத் தூக்கி வந்திருந்தார். அவள் பையைத் திரும்பிப் பார்க்காமல் மரக்கட்டையை ஏரிக்குள் எறிந்தாள். சீசர் நாணலுக்குள் நீந்திப் போய், கட்டையில்லாமல் வந்தது.

"ஒருநாளும் இப்படிப் பண்ணமாட்டாம்மா! இன்னொரு தடவ எறிங்க," என்று தேவசகாயம் பதறினார்.

சீசர் அவள் உள்ளங்கைமேல் மெல்ல வாயைத் திறந்தது. நீர்க்கோழிக் குஞ்சு ஒன்று, ஒரு கீறலும் இல்லாமல், உயிரோடு.

"வேண்டாண்ணே. இவன்தான்."

குஞ்சைத் தரையில் விட்டாள். அது ஓடவில்லை. திரும்பி, சீசரின் வாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.