மூடி

வசுமதியின் வலக்கையில் மூன்று விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. போன வாரம் அவள் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்துக்கொண்டிருந்தபோது, அழைத்தும் சோறு போட எழவில்லை என்று கணவன் தாமோதரன் மடிக்கணினியின் மூடியை அவள் விரல்கள்மேல் அறைந்து சாத்தினான். திரையும் உடைந்தது, விரல்களும் உடைந்தன. இன்று அவனே அவளைக் கணினிக் கடைக்கு அழைத்து வந்திருந்தான்.

“கதவுல நசுங்கிடுச்சாக்கா?” என்று விற்பனைப் பெண் கேட்டாள்.

“கவனம் பத்தாதும்மா இவளுக்கு,” என்றான் அவன். “சும்மா பொழுதுபோக்குக்குத்தான். ஒரு டேப்லெட் போதும்ல?”

“நீங்க என்ன பண்ணுவீங்கக்கா?”

“புதிர் போடுவேன்.”

“அப்போ ஒரு பக்கம் கட்டம், ஒரு பக்கம் அகராதி வேணுமே. டேப்லெட்ல சிரமம்க்கா.”

“பெரிய ஆபீஸ் வேலை பாரு!” என்று அவன் சிரித்தான்.

வசுமதி டேப்லெட்டைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதற்கு மூடி இல்லை. அதை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு, உலோக உடல்கொண்ட ஒரு மடிக்கணினியின் முன் நின்றாள். அதன் மூடியைத் தூக்கி, கனம் பார்த்தாள்.

“எழுத்து சரியா விழுதான்னு நீங்களே தட்டிப் பாருங்க,” என்றாள் கணவனிடம்.

அவன் சலித்துக்கொண்டே குனிந்து, பத்து விரல்களையும் விசைகளின்மேல் வைத்துத் தன் பெயரைத் தட்டத் தொடங்கினான்.

“இதுவே இருக்கட்டும்மா,” என்றாள் வசுமதி. கட்டில்லாத அவளுடைய இடக்கை மூடியின் மேல்விளிம்பைப் பற்றியிருந்தது.