அஞ்சு கட்டைக்காரி

மாலை ஐந்தேகால் மணி. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது.

ஒத்திகைக்குப் பாடகர்களில் முதல் ஆளாக வந்த, இசைக்குழுவின் மூத்த பாடகிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இருபது வருடமாக அவளுடையதாக இருந்த தொடக்கப் பாட்டு, நாளைக் காலைக் கச்சேரியில் புதியவளுக்கு என்று பேச்சு அடிபட்டது.

"நாலு கட்டையிலேயே தவழுறவளுக்கா தொடக்கப் பாட்டு?" என்றாள் கீபோர்டுக்காரரிடம். "நான் இன்னைக்கும் அஞ்சு கட்டை. கட்டை ஏற ஏறத்தானே குரலோட வண்டவாளம் தெரியும்?"

"அவங்களும் நல்லாத்தான் பாடுறாங்க மேடம்."

"உங்களுக்குக் காது குளுந்துடும். ஒத்திகைக்கு முன்னாடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுறது எனக்குத் தெரியாதா? இன்னைக்குக் குழுத் தலைவர் முன்னாடி அவளை அஞ்சுல பாடச் சொல்றேன். சாயம் வெளுத்துடும்."

சொன்ன கையோடு, மூலையிலிருந்த பியானோவில் ஐந்தாம் கட்டையை அழுத்திப் பாடினாள். மேல் ஷட்ஜத்தில் குரல் கீறியது. மறுபடியும் கீறியது.

"இந்தப் பியானோவுல சுருதி ஏறிக் கிடக்கு."

அவர் தயங்கினார். பிறகு கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, அதில் ஐந்தாம் கட்டையையும் பியானோவில் நாலாம் கட்டையையும் ஒன்றாக அழுத்தினார். இரண்டும் ஒரே ஸ்வரமாக ஒலித்தன.

"பியானோ சரியாத்தான் இருக்கு. நீங்க பாடுறப்போ இந்தப் பட்டன்ல ஒரு கட்டை இறக்கிடுவேன். விரல் அஞ்சுல இருக்கும், சத்தம் நாலுல வரும். தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களுக்கு மேல எட்டல மேடம்."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா. அவங்க வந்து சேர்ந்த வாரத்துலேர்ந்து."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் சொன்னாங்க. 'அக்கா விரலைத்தான் பார்ப்பாங்க, அது இடம் மாறாம இருக்கட்டும்'னு. அந்தக் குசுகுசு அதுதான்."

மூத்தவள் முகம் சிவந்தது.

"நாலு கட்டைக்காரி எனக்குப் பாவம் பார்க்குறாளா?"

மறுநாள் காலை கீபோர்டுக்காரர் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. மூத்தவள் எல்லார் காதிலும் விழும்படி, "எனக்கு நாலு கட்டை வைங்க," என்றாள். பிறகு புதியவளிடம், "தொடக்கப் பாட்டை நீயே பாடு. உனக்கும் நாலுதானே?" என்றாள்.

"இனிமே நான் என் கட்டையில பாடலாமா, அக்கா?" என்று கேட்டுவிட்டு, புதியவள் ஆறு கட்டையில் பாட்டை எடுத்தாள்.