மழை நிற்கும் வரை

முதல் துளி தகரக் கூரையில் விழுந்தபோது அவள் நட்டைக் கழற்றி முடித்திருந்தாள்.

வால்வின் இரும்புச் சக்கரம் கையோடு வந்தது. நினைத்ததைவிடக் கனம்.

புடவைக்கு மேல் போட்டிருந்த பழைய ஆண்சட்டையின் பொத்தான்களை அவிழ்த்தாள். சக்கரத்தை வயிற்றோடு அணைத்துவைத்து மறுபடி பொத்தான்களை மாட்டினாள். வால்வுக் குழியின் ஓரத்தில், கூரை நீண்டிருந்த இடத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

சாயப்பட்டறையில் மழை என்றால் ஒன்றுதான். கழிவுத் தொட்டியைத் திறந்துவிடலாம்.

பின்சுவரை ஒட்டி ஓடை. ஓடை போய்ச் சேர்வது ஆற்றில். வெள்ளத்தோடு சாயத் தண்ணீரும் போய்விட்டால் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. மழை நின்றபின் திறந்தால் ஓடை சிவந்து ஓடும். ஊரே பார்க்கும். அதனால் நின்றபின் திறக்கமாட்டார்கள்.

தொட்டி விளிம்புவரை நிரம்பி நின்றது. வாரம் முழுக்கச் சிவப்பு ஆர்டர்.

போன மழைவரை சக்கரத்தைத் திருப்பியவளும் அவள்தான்.

நடுவில் ஒரு பயிற்சி. பட்டறைக்கு ஒருவராவது கழிவுநீர் வேலை படித்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு வாரம். போனால் வேலை கெடாத ஆளாகப் பார்த்தார்கள். தொட்டியோரம் கூட்டுகிறவள், எதிர்த்துப் பேசாதவள். அவளை அனுப்பினார்கள்.

சான்றிதழில் ‘பசுமைத் திறன்’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. அதை வாங்கி, முதலாளி படத்துக்குப் பக்கத்தில் சட்டம்போட்டு மாட்டினார்கள்.

மற்றதெல்லாம் அவளோடு வந்துவிட்டது.

வால்வுக்கு கிரீஸ் வைக்கச் சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்பது வந்தது.

இரண்டு கிண்ணங்கள் வந்தன.

ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் சாயத் தண்ணீர். இரண்டிலும் பச்சைப்பயறு. ஒன்று மறுநாளே முளைவிட்டது. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் மற்றதைப் பார்த்தாள். தினமும் மதியம், டீ குடிக்கப் போகாமல், குனிந்து பார்த்தாள்.

கடைசி நாள்வரை பார்த்தாள்.

சூப்பர்வைசர் சென்னியப்பன் குடையோடு வந்தார். குழியில் மொட்டைக் கம்பியைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார்.

முதலில் சிரித்தார்.

அப்புறம் கெஞ்சினார். சுத்திகரித்து விடுவதென்றால் நாளை சாயங்காலம் ஆகும், அதுவரை மிஷினை நிறுத்தினால் ஆர்டர் போய்விடும் என்றார். அப்புறம், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை.

“மழ நிக்கட்டுங்க,” என்றாள். “நானே மாட்டித் தர்றனுங்க.”

அவர் கை நீண்டது. சட்டைப் பொத்தானுக்கு முன் நின்றது. பின்வாங்கியது.

காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்த பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பேரன் எடுத்துவிட்ட அவள் வயிற்றை ஒருத்தி உற்றுப் பார்த்தாள்.

“எத்தன மாசமுங்கக்கா?”

சிரிப்பு கூரைக்குக் கீழே நெடுநேரம் உருண்டது. அவளும் சிரித்தாள். சக்கரம் விலாவில் இடித்தது.

சென்னியப்பன் ஸ்பேனரைக் கம்பியில் வைத்து முறுக்கினார். வழுக்கியது. விரல்முட்டியில் தோல் போனது. கையை உதறிக்கொண்டே முதலாளிக்கு போன் செய்தார்.

“சக்கரத்த வகுத்துல கட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க,” என்றார்.

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அடுத்த அழைப்பு ஃபிட்டர் நாச்சிமுத்துவுக்குப் போனது.

அவள் சிரிப்பு நின்றது.

நாச்சிமுத்துவிடம் பைப் ரெஞ்ச் உண்டு. முழங்கை நீளம். அதைக்கொண்டு பிடித்தால் சக்கரமே வேண்டாம். கம்பி தானாகத் திரும்பும்.

வானத்தைப் பார்த்தாள்.

மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பிறந்ததிலிருந்து, வா என்று மட்டும்தான் மழையிடம் கேட்டிருக்கிறாள். இப்போது, போதும் போ என்று சொல்ல நாக்கு வரவில்லை. இருந்தும் சொன்னாள். உதடு அசையாமல் சொன்னாள்.

மழை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

நாச்சிமுத்து மொபெட்டில் வந்து இறங்கினார். ஆற்றோர ஊர்க்காரர். மழைக்கோட்டுக்கு மேல் குறுக்காக, எப்போதும் சுமக்கும் கருவிப் பை. தலைத்துண்டைப் பிழிந்தபடியே சென்னியப்பன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

குழிக்குள் எட்டிப் பார்த்தார். கழற்றிய நட்டு ஒரு துணியில் பத்திரமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

தொட்டியைப் பார்த்தார். மழை விழுந்து அதன் சிவப்பு துள்ளிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்தார். அவள் சட்டைக்கு மேல் இரண்டு கைகளையும் கோத்து, அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெஞ்ச எடுத்தாரலீங்களே,” என்றார் நாச்சிமுத்து.

ஓடிப்போய் எடுத்துவரச் சொன்னார் சென்னியப்பன்.

மழை விடட்டும், போகிறேன் என்றார் நாச்சிமுத்து.

கூரைக்குள் வந்து, அவளுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றார். சென்னியப்பன் வெறுப்போடு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, பையை இறக்கிவைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

பரவாயில்லை என்றார் நாச்சிமுத்து.

மழை பெய்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்திருந்தார்கள்.

பைவார் அழுத்தி நாச்சிமுத்துவின் ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. கால் மாற்றி நின்றார். வாருக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்துக்கொண்டார்.

கீழே சிமெண்டுத் தரை. இரும்பு பட்டால் சத்தம் கேட்கும்.

பையை அவர் இறக்கவேயில்லை.